அவைத் தலைவரின் நடுநிலை

அரசியல் பேசும் அவையில் கருத்து வேற்றுமை தோன்றுதல் இயல்பு. வேற்றுமையே இல்லையாயின் அவை கூடவேண்டிய தேவையும் இல்லை. ஒருவர் ஒரு சட்டம் வேண்டும் என்பார். மற்றொருவர் வேண்டா என்பார். இவர்கள் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து, கைகலவாமல், சொல்லால் மட்டும் பொருதல் வேண்டுமாயின், இரு திறத்தாரும் நம்பத்தக்க ஒருவர் நடுவே இருத்தல் வேண்டும். அவரே அவைத் தலைவர். அவர் நடுநிலை பிறழ்ந்தால், தோற்றவர் தம் தோல்வியை ஏற்கமாட்டார். வென்றவரின் வெற்றிக்கும் மதிப்பிராது. சொல்லில் நம்பிக்கை இழந்தவர் பின்னர்க் கல்லை எடுப்பர்.

நடுநிலை என்பது யாது? கருத்தே இல்லாதிருத்தல் என்பர் சிலர். நாட்டு நடப்பில் ஒரு கருத்தும் இல்லாதவர் அவையை நடத்தும் அறிவும் இல்லாதவரே ஆவர். இரு திறத்தாரையும் ஒரே அளவாகக் கடிந்துகொள்ளுதல் என்பர் வேறு சிலர். ஒருவர் பத்து முறை வரம்பு கடந்தார். மற்றவர் ஒரு முறை கடந்தார். இருவரையும் ஒருங்கே வெளியேற்றுதல் எங்ஙனம் நீதியாகும்? எவரையும் தடுக்காமல் வாளா இருத்தலும் நடுநிலையன்று. அவ்வாறு இருப்பின், குரல் வலியவர் பேசிக்கொண்டே இருப்பர். மெலியவர் வாய் திறவாமலே வீடு திரும்புவர். தமக்கெனக் கருத்து இருப்பினும், தம்மவர்க்கும் பிறர்க்கும் ஒரே அளவுகோல் கொண்டு அளத்தலே நடுநிலை என்பது என் துணிபு.

இதற்கு ஒரு சான்று காண்போம். ஆங்கிலேயர் நம் நாட்டை ஆண்டபொழுது டில்லியில் மத்திய சட்டசபை இருந்தது. உறுப்பினரால் தேர்ந்தெடுக்கப்பெற்ற அதன் முதல் தலைவர் விட்டல்பாய் பட்டேல். அவர் சர்தார் வல்லபாய் பட்டேலின் தமையனார். சுயராஜ்யக் கட்சியைச் சேர்ந்தவர். 1925-ஆம் ஆண்டு தலைமைப் பதவியை ஏற்றதும், இனித் தாம் எக்கட்சியையும் சாராதவர் என்று அவையில் அறிவித்தார்.

1928-ஆம் ஆண்டில் அரசினர் பொதுமக்கள் பாதுகாப்பு மசோதா என்ற ஒன்றைக் கொணர்ந்தனர். வெளிநாட்டிலிருந்து வந்த பொதுவுடைமையாளரை நாடு கடத்தும் அதிகாரத்தை அது அரசுக்கு அளிப்பதாய் இருந்தது. வாக்கெடுத்தபோது ஆதரவு 61, எதிர்ப்பு 61 எனச் சமமாயின. முடிவு வாக்கு தலைவர் கையில் வந்தது. இத்துணைக் கடுமையான சட்டம் வேண்டுவோர், பெரும்பான்மையைத் தாமே தேடிக்கொள்ளுதல் வேண்டும் என்று கருதி, அவர் மசோதாவிற்கு எதிராக வாக்களித்தார்.

1929-இல் அம்மசோதா மீண்டும் வந்தது. அவ்வேளையில் மீரத் சதி வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. அவ்வழக்கைத் தொடாமல் மசோதாவைப் பற்றிப் பேசுதல் இயலாது; வழக்கு மன்றத்தில் இருப்பதை அவையில் பேசுதலோ முறையன்று. ஆகவே வழக்கையேனும் மசோதாவையேனும் நிறுத்தி வைக்குமாறு பட்டேல் அரசினரை வேண்டினார். அவர்கள் இசையவில்லை. ஏப்ரல் 8-ஆம் நாள் அவர் தம் முடிவைக் கூற இருந்த வேளையில், பகத்சிங்கும் படுகேசுவர தத்தும் அவையில் குண்டு வீசினர். மூன்று நாள் கழித்து அவை கூடியபோது, மசோதாவை விவாதித்தல் ஒழுங்கன்று என்று அவர் காரணம் காட்டித் தீர்ப்பளித்தார். பின்னர் வைசிராய் தம் தனி அதிகாரத்தால் அதனை அவசரச் சட்டமாக வெளியிட்டார். ஆயினும் அவையின் இசைவு பெற்ற சட்டம் என்று அதனைச் சொல்ல இயலாதாயிற்று.

இங்கே ஓர் ஐயம் எழும். பட்டேல் ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர். அவர் தீர்ப்புகளும் அவ்வாட்சிக்கு எதிராகவே அமைந்தன. இஃது எங்ஙனம் நடுநிலையாகும்? ஐயம் தக்கதே. தலைவருக்கு அத்தகைய அதிகாரம் இல்லை என்று அரசினரும் வாதித்தனர். தீர்ப்பு யாருக்கு நன்மை தந்தது என்று மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. அது பொது விதியின்மேல் நிற்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். வாக்குகள் சமமானால் தலைவர் புதிய மாற்றத்திற்குப் பெரும்பான்மை உண்டாக்கலாகாது என்னும் மரபை, இங்கிலாந்துக் காமன்ஸ் சபையின் தலைவர் டெனிசன் 1867-லேயே விளக்கியிருந்தார். பட்டேலின் வாக்கு அம்மரபோடு பொருந்துகின்றது. கட்சிகளின் பெயரை இடமாற்றி வைத்துப் பாருங்கள். அப்பொழுதும் அத்தீர்ப்பு சரியெனத் தோன்றின் அது நடுநிலை. தோன்றாவிடின் அஃது ஓரவஞ்சனை. ஒவ்வொரு தலைவரும் வாய் திறக்குமுன் தம்மைத் தாமே இவ்வாறு சோதித்தல் நன்று.

விடுதலை பெற்ற நம் நாட்டின் அரசியலமைப்பும் இந்நெறியைப் போற்றுகின்றது. அவைத் தலைவர் முதற்கண் வாக்களிப்பதில்லை. வாக்குகள் சமமாகும்போது மட்டுமே வாக்களிக்கின்றார்.

சட்டமன்றத்திற்கு உரிய நெறி நம் பள்ளி இலக்கிய மன்றத்திற்கும் உரியதே. மாணவர்களே, நாளை நீங்களும் ஒரு கூட்டத்திற்குத் தலைமை தாங்கக்கூடும். அப்பொழுது மூன்றனை மறவாதீர்கள். விதியை முன்னரே அறிவியுங்கள். குற்றம் நிகழ்ந்த பின் விதி செய்யாதீர்கள். வசையைத் தடுங்கள், உங்களுக்குக் கசப்பான கருத்தைத் தடுக்காதீர்கள். ஒருவரை அமரச் சொன்னால் காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் கேட்டவர் சினந்தாலும் ஐயுறமாட்டார். இவற்றுள் இரண்டாவதே அரிது. உங்கள் உயிர் நண்பன் வசை பேசும்போதும், உங்களுக்கு ஆகாதவன் நற்காரணம் காட்டும்போதும்தான் உங்கள் நடுநிலை அளக்கப்பெறும்.

வள்ளுவப் பெருந்தகை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தை அரசர்க்குரிய பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், இல்லறவியலில் வைத்தார். அரியணையில் இருப்போர்க்கு மட்டுமன்றி, இல்லத்தில் வாழும் ஒவ்வொருவர்க்கும் அஃது உரிய அறம் என்பது இதனால் விளங்கும் அன்றோ? தலைமை இருக்கை சிலர்க்கே வாய்க்கும். நடுநிலை யாவர்க்கும் கடமையாகும்.