அளந்து பார்த்தீர்களா?

சென்ற ஆண்டு விழாவன்று பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்பர் ஒருவர், "ரிட்டயர் ஆனவர்கள் காசி, கயா என்று கிளம்புகிறார்கள். நீங்கள் கொல்லைப்புறத்தில் பழைய இரும்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்களாமே, ஏன் சார்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரசம் வந்துவிட்டது. பேச்சும் வேறு பக்கம் போய்விட்டது. அன்று சொல்லாமல் விட்ட பதிலை இந்த இதழில் சொல்லிவிடுகிறேன். அதில் என் தவறு ஒன்றும் அடங்கியிருக்கிறது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பழைய இரும்பு ஒரு லேத். கடைசல் இயந்திரம் என்று தமிழில் சொல்வார்கள். சுழலும் உலோகத் துண்டின்மேல் கூரான உளியை நகர்த்தி, உருளையாகவோ கூம்பாகவோ கடைந்தெடுப்பதும் மரை வெட்டுவதும் அதன் வேலை. ரயில் வண்டியின் அச்சிலிருந்து வீட்டுத் தண்ணீர் பம்பின் தண்டு வரை, சுழல்கிற பாகங்களில் ஏதாவது ஒரு லேத்தைத் தொடாமல் வந்தவை மிகக் குறைவு.

ஹௌராவில் பெலிலியஸ் ரோடு பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வார்ப்படப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் தோளோடு தோள் உரசி நிற்கும் இடம். ஒரு காலத்தில் ஹௌராவைக் கிழக்கின் ஷெஃபீல்டு என்றே அழைத்தார்கள். 2021இல் அங்கே தன் பட்டறையை மூடிய ஒருவரிடமிருந்து இந்த லேத்தை, காயலான் கடை விலைக்கு, கிலோ கணக்கில் வாங்கினேன். சுமார் 350 கிலோ. பெயர்ப்பலகை எப்போதோ கழன்று போயிருந்தது. இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்று வார்ப்பில் இருந்த எழுத்து மட்டும் எஞ்சியிருந்தது. படிப்படியாக அமைந்த கப்பியும் தட்டையான தோல் பெல்ட்டும் கொண்ட பழைய பாணி. கூரையை ஒட்டி ஓடும் ஒரே நீளத் தண்டிலிருந்து பட்டறை முழுவதுக்கும் பெல்ட் இறங்கிய காலத்தைச் சேர்ந்தது.

சின்ன லாரியில் அது கரக்பூருக்கு வந்து சேர்ந்த அன்று என் மகன் போனில், "அப்பா, இதை வாங்கின விலைக்கே திருப்பிக் கொடுத்துட முடியுமா?" என்று கேட்டான். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. துளசி மாடத்தைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொன்னாள், அவ்வளவுதான்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். 1994 என்று நினைவு. எந்தப் பணிமனை என்பது இங்கே வேண்டாம். உழைத்துத் தீர்ந்த இயந்திரங்களைக் கழித்துவிட அவ்வப்போது ஒரு குழு அமைப்பார்கள். 'கண்டம் செய்வது' என்று தொழிலாளர்கள் சொல்வார்கள். அந்த முறை குழுவில் நானும் ஒருவன். பட்டியலில் இருந்த லேத் ஒன்றுக்கு எதிரே மூன்று காரணங்கள் எழுதியிருந்தன. குறித்த வயது முடிந்துவிட்டது. டேப்பர் அடிக்கிறது, அதாவது ஒரே அளவாகக் கடைய வேண்டிய தண்டு ஒரு முனையில் பருத்தும் மறு முனையில் சிறுத்தும் வருகிறது. உதிரி பாகம் கிடைக்காது.

அந்த லேத்தில் வேலை செய்த டர்னர் ஆம்பூர் பக்கத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே, "அளந்து பாத்தீங்களா சார்?" என்று கேட்டார்.

"புக்குல வயசு முடிஞ்சிடுச்சுங்க, பெரியவரே" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் கேஸ் கட்டரால் அதை நான்கு துண்டாக்கி எடுத்துப் போனார்கள். அவர் ஓய்வு பெறும் வரை என்னிடம் மரியாதை குறைத்ததில்லை. ஆனால் அந்த இயந்திரத்தைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

கொல்லைப்புறத்து லேத்துக்கு நான் முதலில் வாங்கியது ஒரு டப்பா பச்சைப் பெயின்ட்! முப்பத்தெட்டு வருட அனுபவம் உள்ளவனுடைய புத்தி அப்படிப் போயிற்று. பழையதைப் புதுப்பிப்பது என்றால் பளபளப்பாக்குவது என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வரும் படங்களில் துருப்பிடித்த பொருள் பத்து நிமிடத்தில் கண்ணாடியாகிவிடுகிறது. அது இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று யாரும் காட்டுவதில்லை. டப்பாவைத் திறக்காமல் பரணில் வைத்துவிட்டு, முதலில் சுத்தம் செய்து அளப்பது என்று முடிவு செய்தேன்.

சின்ன பாகங்களின் துருவை நீக்கச் சலவை சோடாவே போதும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா, பன்னிரண்டு வோல்ட் பாட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகத்தை மைனஸ் கம்பியிலும், வேண்டாத இரும்புத் தகடு ஒன்றை பிளஸ் கம்பியிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். மறுநாள் துரு தளர்ந்து கறுப்பாகி, பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். நல்ல உலோகம் கரைவதில்லை. தகடு எவர்சில்வராக இருக்கவே கூடாது. நச்சுள்ள குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பெட் எனப்படும் அடித்தண்டவாளத்தின்மேல் உப்புத்தாள் போடவே கூடாது. அதன் துகள் வார்ப்பிரும்பில் பதிந்துகொண்டு, பிறகு ஓடும் பாகங்களை அரித்துக்கொண்டே இருக்கும். மண்ணெண்ணெயும் துணியும் பொறுமையும்தான் அங்கே மருந்து. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலரத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது.

பிறகு அந்தக் காலத்து பெல்ட்டுக்கு ஒரு இடைத்தண்டு அமைத்து, ஒற்றை பேஸ் மின்சாரத்தில் ஓடும் ஒரு குதிரைசக்தி மோட்டாரை இணைத்தேன். பெல்ட்டின்மேல் கம்பி வலை மூடி போட்டேன். முதல் சோதனையாக ஒரு இரும்புத் தண்டைச் சக்கில் பிடித்து, சக்கின் அருகில் ஒரு பட்டையும் 150 மில்லிமீட்டர் தள்ளி ஒரு பட்டையும் உளியின் அளவை மாற்றாமல் மெல்லிசாகக் கடைந்தேன். இரண்டையும் மைக்ரோமீட்டரில் அளந்தால் 0.08 மில்லிமீட்டர் வித்தியாசம். டேப்பர்! 1994இல் நான் கையெழுத்திட்ட அதே குற்றச்சாட்டு.

பெட் தேய்ந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். சக்கின் அருகில்தான் எந்த லேத்திலும் வேலை அதிகம். அங்கே தேய்மானமும் அதிகம். ஆனால் பொறுப்பான பட்டறைக்காரன் தேய்மானத்தைக் குறை சொல்வதற்கு முன் அடித்தளத்தைப் பார்ப்பான். மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வைக் காட்டும் நுண்ணிய லெவல் ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி வந்து பெட்டின் குறுக்கே வைத்தேன். சக் பக்கம் ஒரு கணக்கு, மறு முனையில் வேறு கணக்கு. என் கொல்லைத் தரை சமமாக இல்லை. நாலு காலும் போல்ட்டால் இறுக்கப்பட்டிருந்ததால் பெட் துணி பிழிவது போல் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு கனத்த இரும்பு முறுக்குமா என்று கேட்கலாம். தலைமயிர் அளவுக்கு முறுக்கும்; லேத்துக்கு அது போதும்.

ஒரு காலின் கீழ் மெல்லிய பித்தளைத் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகி, இறுக்கி, லெவல் பார்த்து, மறுபடி தளர்த்தி, இரண்டு முனையிலும் கணக்கு ஒன்றாகும் வரை மூன்று நாள் ஆயிற்று. மறுபடி கடைந்து அளந்தேன். வித்தியாசம் 0.015. மீதி இருந்ததுதான் உண்மையான தேய்மானம். பம்புத் தண்டு கடைய அது ஒரு குறையே இல்லை.

அன்று சாயங்காலம் நான் காபி குடிக்கவில்லை. அந்த ஆம்பூர்க்காரருடைய கேள்வி அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. கண்டம் செய்யப்பட்ட அந்த லேத்தின் காலடியில் யாராவது லெவல் வைத்துப் பார்த்தோமா? இல்லை. மழைக்காலத்தில் அந்தத் தரை இறங்கியிருக்கலாம். பெட் நிஜமாகவே தேய்ந்தும் இருக்கலாம். இரண்டில் எது என்பது இனி எவருக்கும் தெரியாது. அளக்காமல் தீர்ப்பு எழுதியவன் நான்.

ஹென்றி மாட்ஸ்லே என்ற ஆங்கிலேயர் 1800ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் துல்லியமாக மரை வெட்டும் லேத்தைச் செய்து காட்டினார். அவர் பட்டறையில் ஒரு மேசை மைக்ரோமீட்டரையும் வைத்திருந்தார். அதற்கு 'லார்ட் சான்சலர்' என்று பெயர். அன்றைய இங்கிலாந்தின் நீதித்துறைத் தலைவருக்குரிய பதவிப் பெயர். அளவு பற்றிய சச்சரவு எதுவானாலும் அதன் தீர்ப்பே முடிவு. முதலாளி சொன்னார், மூத்தவர் சொன்னார் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அவரிடம் வேலை செய்த ஜோசப் விட்வொர்த்தான் 1841இல் மரைகளுக்கு ஒரு பொது அளவை முன்மொழிந்தவர்.

இன்னொரு விஷயம். என் லேத்தின் நீளத் திருகு அங்குல அளவு, அங்குலத்துக்கு எட்டு மரை. நம் நாட்டுச் சாமான்களோ இன்று மெட்ரிக். "இங்கிலீஷ் லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட முடியாது" என்று பலரும் ஒதுக்கிவிடுவார்கள். ஒரு அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர். அதை ஐந்தால் பெருக்கினால் 127. ஆகவே 127 பல் உள்ள ஒரு சக்கரத்தைத் திருகிலும் 40 பல் சக்கரத்தை ஓட்டும் பக்கத்திலும் மாட்டினால், சரியாக ஒரு மில்லிமீட்டர் மரை விழும். தோராயமாக அன்று, துல்லியமாகவே. ஹௌராவில் ஒருவர் எனக்கு அந்தச் சக்கரத்தை வெட்டிக் கொடுத்தார். உதவாது என்று ஒதுக்கியதை ஒரு பல்சக்கரம் உதவ வைத்துவிட்டது.

பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. நாளைக்கு ஆயிரம் தண்டு வேண்டுமென்றால் சி.என்.சி. இயந்திரம்தான் வேண்டும், என் லேத் அதன் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது. பெட்டில் விரிசல் இருந்தால், தலைப்பகுதி வார்ப்பு உடைந்திருந்தால், காயலான் கடைதான் கதி. பாசத்துக்காக வீட்டில் வைத்திருப்பது இடத்துக்குப் பிடித்த கேடு. ஆனால் அந்த முடிவு அளந்த பிறகு வரவேண்டும் என்பதுதான் என் கட்சி.

இதை நம் சங்க இதழில் எழுதக் காரணம் உண்டு. நம் குடும்பங்களில் பல, ஃபிட்டராகவும் டர்னராகவும் கொல்லராகவும் தகப்பனாரோ தாத்தாவோ இந்தப் பக்கம் ரயிலேறியதால்தான் இங்கே வேரூன்றின. அந்தக் கைகளின் சம்பாத்தியத்தில் நாம் படித்தோம். அவர்கள் காலமான பின் அவர்களது மைக்ரோமீட்டரும் காலிபரும் அரமும் பழைய பேப்பரோடு எடைக்குப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு லேத்தை அப்படி அனுப்பியவன் என்பதால் யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. கேட்டுக்கொள்ளும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

பூஜை விடுமுறையில் நம் சங்கத்துப் பையன் ஒருவன் வந்திருந்தான். பொறியியல் மூன்றாம் ஆண்டு, கெட்டிக்காரன். கம்ப்யூட்டரில் அவன் வரைந்த தண்டுக்கு 0.02 மில்லிமீட்டர் என்று அளவு வரம்பு போட்டிருந்தான். "எவ்வளவுப்பா அது?" என்றேன். விழித்தான். அவன் தலைமயிர் ஒன்றைப் பிடுங்கி மைக்ரோமீட்டரில் அளக்கச் சொன்னேன். 0.07 காட்டியது. "இதுல மூணுல ஒரு பங்குகூட இல்லியா அங்கிள்?" என்று கேட்டுவிட்டு, அவன் போட்டிருந்த வரம்பை நினைத்துச் சிரித்தான். அதற்குப் பிறகு நாலு நாளும் காலை எட்டு மணிக்கு வந்து நின்றான்.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, வீட்டில் பெரியவர்களின் கருவிகள் இருந்தால் எடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தேறுமா தேறாதா என்று அளந்து பார்த்துச் சொல்கிறேன். இரண்டாவது, சங்கக் கட்டடத்தின் பின்னால் உடைந்த நாற்காலிகள் அடைந்திருக்கும் அறையைச் செயற்குழு காலி செய்து கொடுத்தால், இந்த லேத்தை அங்கேயே கொண்டு வந்து நிறுத்தச் சம்மதம். ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பையன்களுக்கும் பெண்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். வேட்டி, துப்பட்டா, மோதிரம், கையுறை ஆகாது. நீண்ட கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். சக்கில் சாவியை விட்டுவிட்டு மோட்டாரைப் போடுபவருக்கு அன்றைக்கு வேலை கிடையாது. இவைதான் விதிகள்.

அந்த அறைத் தரையும் சமமாக இருக்காது. பரவாயில்லை, லெவல் வைத்துப் பார்ப்பதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். பச்சைப் பெயின்ட் டப்பா இன்னும் பரணில்தான் இருக்கிறது. அதைப் பிள்ளைகள் கடைசியாக அடித்துக்கொள்ளட்டும்.