வாயில்லா ஜீவனின் விமானப் பிரயாணம்

உத்தியோகத்தின் பொருட்டோ, பிள்ளைகளுடன் சேர்ந்து வாழும் பொருட்டோ கடல் கடந்து குடியேறும் குடும்பங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில், வீட்டில் வளர்ந்த நாயையோ பூனையையோ உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்ற விருப்பமும் பெருகியிருப்பது இயல்பே. ஆயினும், அதற்கு விமானக் கம்பெனிகளும் அரசாங்கங்களும் விதித்திருக்கும் நிபந்தனைகளை, டிக்கெட் வாங்கி, வீட்டைக் காலி செய்து, சாமான்களைக் கட்டி முடித்த பிறகே பலர் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள் என்பது மிகவும் வருந்தத்தக்கது. அவ்வாறு கடைசி நேரத்தில் அறிகிறவர்களுக்கு அவை யாவும் கெடுபிடியாகவும் பணம் பறிக்கும் உபாயமாகவும் தோன்றுகின்றன. முடிவில், பழகிய மனிதர்களையும் பழகிய வாசலையும் இழந்து, முன்பின் அறியாதவர் வீட்டில் விடப்படுவது அந்த வாயில்லா ஜீவன்தான்.

இவ்விதிகளில் பெரும்பாலானவை பிராணியின் உடற்கூற்றை அனுசரித்துப் பிறந்தவை என்பதும், அந்தக் காரணங்களோடு சேர்த்து அவற்றை டிக்கெட் விற்கும் இடத்திலேயே, நம் பாஷையிலேயே பிரயாணிக்குச் சொல்லிவிட வேண்டிய கடமை கம்பெனிகளுக்கு உண்டு என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

கம்பெனிக்குக் கம்பெனி விதி வேறு. இண்டிகோ, சேவை நாய்களைத் தவிர வேறு வளர்ப்புப் பிராணிகளை ஏற்பதில்லை. ஏர் இந்தியா ஏற்கிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பரில் இச்சேவையைத் தொடங்கியபோது, கூண்டோடு சேர்த்து 7 கிலோ வரை இருந்தால் பயணிகளுடனும், அதற்கு மேல் 32 கிலோ வரை சரக்கறையிலும் கொண்டுசெல்லலாம் என வரம்பு கட்டியது. இவ்வரம்புகள் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆனால் ‘கூண்டோடு சேர்த்து’ என்ற நிபந்தனை மாறுவதில்லை. அதை ஊன்றிப் படிக்காதவர், ஆறரைக் கிலோ எடையுள்ள தம் பொமரேனியனை ஒரு கிலோ எடையுள்ள பையில் வைத்துக்கொண்டு கவுண்ட்டருக்கு வந்து, தராசின் முன் திகைத்து நிற்க நேர்கிறது.

சரக்கறை என்றதும் இருட்டும் குளிரும் மூச்சுமுட்டலும் நிறைந்த ஓர் இடத்தைப் பலர் மனத்தில் கற்பித்துக்கொண்டு அஞ்சுகிறார்கள். பிராணிகளை ஏற்றும் பகுதியில், மேலே பயணிகள் இருக்கும் இடத்தில் உள்ள அதே காற்றழுத்தம் காக்கப்படுகிறது. வெப்பமும் சீர் செய்யப்படுகிறது. உயிருள்ள பிராணி எந்த அறையில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பது, விமானம் புறப்படுமுன் எழுத்து மூலம் தலைமை விமானிக்கு அறிவிக்கப்படுகிறது. உண்மையான அபாயம் ஆகாயத்தில் இருப்பதைக் காட்டிலும் தரையில்தான் அதிகம். விமானத்துக்கு வெளியே தகிக்கும் தளத்தில், ஏற்றுவதற்காகக் காத்திருக்கும் அந்தச் சிறிது நேரத்தில்தான் பிராணி தளர்ந்துபோகிறது. நாய் நம்மைப் போல் மேனி முழுதும் வியர்த்து உஷ்ணத்தை வெளியேற்ற வல்லதன்று. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதே அதற்கு வாய்த்த பிரதான வழி. ஆகவேதான் வெப்பம் ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிராணிகளை ஏற்பதில்லை என அமெரிக்கக் கம்பெனிகள் பல விதி செய்துள்ளன. அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், சென்னையில் ஆண்டின் பெரும்பகுதியில் பகற்பொழுதே விலக்கப்பட்டதாகிவிடும். கோடையில் நள்ளிரவு விமானத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதன் நியாயம் இதனால் விளங்கும்.

மூச்சிரைப்பதற்கே இடமில்லாதபடி முகம் சப்பையாக அமைந்த இனங்களின் நிலை இன்னும் பரிதாபமானது. 2003-ஆம் ஆண்டு ஹட்ச் தொலைபேசி விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னால் ஓடிவந்த பக் நாயைக் கண்டு மயங்கி, அந்த இனத்தை வாங்கி வளர்த்தவர்கள் நம் நாட்டில் அநேகர். அமெரிக்கப் போக்குவரத்து இலாகா 2010-இல் வெளியிட்ட விவரத்தின்படி, முந்தைய ஐந்தாண்டுகளில் விமானப் பிரயாணத்தில் மாண்டதாகப் பதிவான 122 நாய்களில் ஏறத்தாழ பாதி இத்தகைய சப்பை மூக்கு இனங்களைச் சேர்ந்தவை. அவற்றுள் இங்கிலீஷ் புல்டாக் 25, பக் 11. இந்த எண்களை ஒருமுறை பார்த்தவர், ‘என் நாயை மட்டும் ஏன் மறுக்கிறார்கள்?’ என்று கவுண்ட்டரில் வாதாட மாட்டார். பயணத்தில் அமைதியாக இருக்கட்டுமென்று நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பதையும் கம்பெனிகள் தடுக்கின்றன. அம்மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைத்து, உடல் வெப்பத்தைச் சமன் செய்யும் சக்தியைக் குலைத்துவிடுவதால், சரக்கறையில் பார்ப்பாரற்றுக் கிடக்கும் பிராணிக்கு அதுவே யமனாகக் கூடும்.

கூண்டின் அளவிலும் இதே கருணைதான் கணக்காக உருவெடுத்திருக்கிறது. ஐயாட்டா எனப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் விதித்தொகுப்பின்படி, நாயை நிமிர்ந்து நிற்கவைத்து, மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை நாடாவால் அளந்து, தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை மூட்டு வரையுள்ள உயரத்தில் பாதியை அதனோடு கூட்டினால் வருவது கூண்டின் நீளம். தோள்களின் அகலத்தை இரட்டித்தால் கூண்டின் அகலம். தலை உச்சி, காது நுனி ஆகிய இரண்டில் எது உயரமோ அதுவும் விரிப்பின் கனமும் சேர்ந்தது கூண்டின் உயரம். தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் ஒரு ஜீவனுக்கு வேண்டிய இடம் அவ்வளவே. அதில் ஓர் அங்குலம் குறைந்தாலும் அதிகாரி மறுப்பது நியாயமே. பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே கூண்டை வீட்டுக் கூடத்தில் திறந்து வைத்து, சோற்றுத் தட்டை அதனுள்ளேயே வைத்துப் பழக்கினால், புறப்படும் இரவில் நாய் அதைத் தன் இடமென்று எண்ணித் தானே நுழையும்.

விதியை நடத்துகிறவர்களும் அதன் காரணத்தை அறிந்திருக்க வேண்டும். 2018 மார்ச்சில் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் சென்ற யுனைட்டெட் ஏர்லைன்ஸ் விமானத்தில், பணிப்பெண் ஒருவர் பிராணியிருந்த பையைத் தலைக்கு மேலுள்ள சாமான் பெட்டியில் வைக்கச் சொன்னதால், அதனுள் இருந்த பிரெஞ்சு புல்டாக் குட்டி இறந்தது. பிராணியின் பை இருக்கைக்கு அடியில்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் சொந்த விதி. விமானத்திலிருந்த அத்தனை பேரில், அதைத் தடுக்க ஒருவராலும் இயலாமற் போனது நெஞ்சை உறுத்துகிறது.

இவை யாவும் கம்பெனியின் விதிகள். போய்ச் சேரும் தேசத்தின் விதிகள் தனி. தன் மண்ணில் 1922-க்குப் பின் வெறிநாய்க்கடி நோய் குடிகொள்ளாதபடி காத்துவரும் பிரிட்டன், இந்தியாவிலிருந்து செல்லும் நாய்களை 2011-ஆம் ஆண்டின் இறுதி வரை ஆறு மாதம் தனிமையில் அடைத்தே பின்னர் விட்டது. இப்போது அச்சிறை நீங்கிவிட்டாலும், அதற்கு ஈடாக ஒரு கால வரிசை வந்திருக்கிறது. முதலில் தோலுக்கு அடியில் மைக்ரோசிப். அதன் பிறகு, அல்லது அதே நாளில், தடுப்பூசி. ஊசி போட்டு முப்பது நாளாவது கழித்து இரத்தப் பரிசோதனை. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. வருஷந்தவறாமல் ஊசி போட்டு, அட்டையில் டாக்டரின் முத்திரையையும் வாங்கி வைத்திருக்கிறவர்களும் இடறி விழுவது இங்கேதான். சிப் வைப்பதற்கு முன் போட்ட ஊசி எதுவும் கணக்கில் சேராது, ஏனெனில் அந்த ஊசி இந்த நாய்க்கே போடப்பட்டது என்பதற்கு வேறு சாட்சியம் இல்லை. இவ்வளவும் முடிந்த பின், நாடாப்புழு மருந்து, சென்னை உள்ளிட்ட ஆறு நகரங்களில் இயங்கும் மத்திய அரசின் பிராணிகள் தனிமைப்படுத்தல் நிலையத்தின் சான்றிதழ் ஆகியன உண்டு. மேலும், வளர்ப்பு நாய் அந்நாட்டுக்கு ஆகாய மார்க்கமாகச் சரக்காகவே போக வேண்டும். பயணிகளுடன் உட்கார்ந்து போக அனுமதியில்லை. ஆக, ஜூன் மாதத்தில் லண்டன் செல்ல உத்தேசிப்பவர் ஜனவரியிலேயே கால்நடை மருத்துவரின் படியேற வேண்டும்.

டிக்கெட்டை மூன்று நிமிஷத்தில் விற்றுவிடும் கம்பெனி, நான்கு மாதத்துக்குக் குறையாத இந்தக் கணக்கை அதே இடத்தில் சொல்லாமல் விடுவதற்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது. எந்த இனத்தை ஏற்பதில்லை, எந்த மாதங்களில் ஏற்பதில்லை, கூண்டோடு சேர்த்து எடை எவ்வளவு, எந்த விமானத்தில் எத்தனை பிராணிகளுக்கு இடம் என்பவற்றைப் பணம் வாங்குமுன் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் காட்டவேண்டும்; கவுண்ட்டரில் மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்கவேண்டும்; காரணமின்றி மறுத்ததாகத் தெரிந்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தரவேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

பிரயாணிகளும் தம் பங்குக்கு ஒன்றைச் சிந்திக்கவேண்டும். பன்னிரண்டு வயது கடந்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் ஒரு பக் நாயை, நம் பிரிவாற்றாமைக்காகப் பத்து மணி நேரம் கூண்டிலடைத்துக் கண்டம் விட்டுக் கண்டம் கடத்துவது தகுமா? அதன் வாசனையும் வழக்கமும் அறிந்த தம்பி வீட்டிலோ தங்கை வீட்டிலோ, அதற்குப் பழகிய தெருவிலேயே அதை விட்டுச் செல்வதை அன்பின்மை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.