கூரையைத் தாங்கும் மரங்கள்

மொன்றியல் நகரின் புவான்ட் சென் சார்ள் பகுதியில் மேசோன் சென் காப்ரியேல் என்னும் பழைய கல்வீடு ஒன்று உண்டு. 1668ஆம் ஆண்டு மார்கரித் பூர்ஷுவா அம்மையார் வாங்கிய பண்ணை வீடு அது. 1693இல் தீக்கிரையாகி, 1698இல் மீளக் கட்டப்பட்டது. 1966 முதல் நூதனசாலையாக விளங்குகின்றது.

சுவர்கள் கல்லாயினும் வீட்டின் சிறப்பு கூரையிலேயே உள்ளது. ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி, மற்றதன் துளையிற் செருகி, மர ஆணியால் இறுக்கியுள்ளனர். பனி வழிந்தோடக் கூரை செங்குத்தாய்ச் சரிகின்றது. வளையும் கைமரமும் பனையிலே கண்ட நமக்கு இத்தச்சு வேலை அந்நியமானதன்று.

1663க்கும் 1673க்கும் இடையில் ஏறத்தாழ 800 இளம் பெண்களைப் பிரான்ஸ் இக்குடியேற்றத்துக்கு அனுப்பியது. பலர் பெற்றோரை இழந்தவர்கள். அவர்களுட் சிலருக்கு இப்பண்ணையே முதற் புகலிடமாயிற்று. குளிர்காலத்தைக் கடக்கும் வழிகளை இங்கேதான் கற்றனர். கப்பலில் வந்திறங்கியோர் தங்கிய இடத்தை இந்நாடு இன்று தேசிய வரலாற்றுத் தலமாகப் பேணுகின்றது.

நம் நாற்சார் வீடுகள் பல போரில் இடிந்தன.  அவற்றின் அமைப்பு நம் முதியோரின் நினைவில் உள்ளது. ஆகவே பெற்றோரே, பிள்ளைகளை இவ்வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். திரும்பியதும் பாட்டனாரை அருகில் இருத்தி, முற்றம் எங்கே, கிணறு எங்கே, எம்மரத்தால் கூரை வேய்ந்தனர் என்று கேட்டு வரைந்து வைக்கச் சொல்லுங்கள். எரிந்த வீட்டை மீளக் கட்டுவதற்கு அதன் அமைப்பை அறிந்த ஒருவராவது வேண்டும்.