முதல் பக்கத்தை யாராலும் விற்க முடியாது

டொமைன் வாங்கி, தளத்தை அமைத்து, நாலைந்து கட்டுரைகளைப் போட்டு முடித்த சில நாட்களிலேயே பலருக்கு ஒரு மின்னஞ்சல் வந்துவிடுகிறது. 'உங்கள் தளம் கூகுளில் தெரியவில்லை. மூன்றே மாதத்தில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம். கேரன்ட்டி!' என்கிற ரீதியில். தளக்காரரும் அதற்குள் தன் கட்டுரையை நாலு விதமாகத் தேடிப் பார்த்து, எங்குமே காணாமல் சோர்ந்துபோயிருப்பார். பணம் கட்டிவிடலாமா என்று தோன்றும்.

கட்ட வேண்டாம். தேடல் முடிவுகளில் 'விளம்பரம்' என்ற அடையாளத்தோடு வரும் இடத்தைத்தான் காசு கொடுத்து வாங்க முடியும். அதற்குக் கீழே இருக்கும் இடங்கள் விற்பனைக்கு இல்லை. அடிக்கடி வந்து பார்க்கவோ, மேலே தூக்கி வைக்கவோ பணம் வாங்குவதில்லை என்று கூகுள் தன் உதவிப் பக்கங்களிலேயே எழுதி வைத்திருக்கிறது. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது. கடைக்காரரே விற்காத பொருளுக்கு இடையில் ஒருவர் ரசீது போடுகிறார் என்றால், அது என்ன வியாபாரம்?

சரி, அப்ப புதுத் தளம் எப்படித்தான் கண்ணில் படும்? அதற்கு முதலில் தேடுபொறி வேலை செய்யும் விதம் புரிய வேண்டும்.

மூன்று படிகள்

நூலகத்துக்கு ஒரு புத்தகம் வந்து சேர்வது ஒரு வேலை. அதைப் பதிவேட்டில் ஏற்றுவது இன்னொரு வேலை. வாசகர் கேட்டதும் எந்தப் புத்தகத்தை முதலில் எடுத்து நீட்டுவது என்பது மூன்றாவது. தேடுபொறியும் இப்படித்தான்.

முதல் படியில் கூகுள்பாட் என்ற நிரல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சென்று படிக்கிறது. அடுத்து, படித்ததில் தகுதியானது என்று தோன்றுவதை அட்டவணையில் சேர்க்கிறது. யாராவது ஒரு கேள்வியைத் தட்டும்போது, அட்டவணையில் இருப்பதை வரிசைப்படுத்திக் காட்டுவது கடைசிப் படி. படித்ததையெல்லாம் சேர்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. சேர்த்ததையெல்லாம் மேலே காட்டும் கட்டாயமும் இல்லை.

'என் தளம் கூகுளில் வரலை' என்று புலம்புபவர், எந்தப் படியில் நின்றுபோனது என்று பார்ப்பதில்லை. பிரச்சினை முதல் படியில் இருந்தால் அரை மணி நேர வேலை. மூன்றாவதில் இருந்தால் மாதக்கணக்கான உழைப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும்போதுதான் அந்த மின்னஞ்சல் ஆளுக்கு வேலை வருகிறது.

காசில்லாமல் செய்துகொள்ளக்கூடியவை

கூகுள் சர்ச் கன்சோல் முற்றிலும் இலவசம். தளம் தன்னுடையதுதான் என்று நிரூபித்து உள்ளே போனால், எந்தப் பக்கம் அட்டவணையில் ஏறியிருக்கிறது, எது ஏறவில்லை, எந்தச் சொற்களைத் தேடியபோது தளம் காட்டப்பட்டது என்பதெல்லாம் தெரியும். தளத்தின் முகவரிகளையெல்லாம் பட்டியலிடும் சைட்மேப்பை அங்கே கொடுக்கலாம். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரிகள் வரை அடங்கும் என்பதால் புதுத் தளத்துக்கு ஒன்றே தாராளம். பெரும்பாலான தளக் கருவிகள் அதைத் தாமாகவே உருவாக்கிவிடும். புதிய பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, 'இதைச் சேர்த்துக்கொள்' என்று தனியாகவும் கேட்கலாம்.

பிங் தேடுபொறிக்கும் இதேபோல இலவசக் கருவி இருக்கிறது. பக்கம் மாறியதும் தேடுபொறிகளுக்கு உடனே தகவல் அனுப்பும் 'இன்டெக்ஸ்நவ்' முறையை 2021-ல் பிங்கும் யாண்டெக்ஸும் கொண்டுவந்தன. அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியம், கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறதா என்று பார்ப்பது. வேர்ட்பிரஸ் அமைப்புகளில், தேடுபொறிகள் இந்தத் தளத்தை அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் உண்டு. தளத்தைக் கட்டும்போது அதில் டிக் போட்டுவிட்டு, திறந்தபின் எடுக்க மறந்தால், எத்தனை மாதம் எழுதினாலும் தேடலில் வராது. ரோபாட்ஸ் கோப்பில் தவறான ஒற்றை வரி இருந்தாலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

சோதிப்பதும் எளிது. தேடுபெட்டியில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைச் சேர்த்துத் தேடினால், அட்டவணையில் ஏறிய பக்கங்கள் வரும். ஒன்றுமே வராவிட்டால் சிக்கல் முதல் இரண்டு படிகளில் இருக்க வாய்ப்பு அதிகம். துல்லியமான கணக்குக்குச் சர்ச் கன்சோலையே நம்பலாம்.

இவை முடிந்ததும் காத்திருக்க வேண்டும். சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம்.

தமிழில் எழுதுபவர் கவனிக்க வேண்டியது

அழகான பின்னணியில் வரிகளை அடுக்கிப் படமாகப் போடும் பழக்கம் தமிழில் அதிகம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடுபொறியிடம் போக முடியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால், மனிதக் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது இயந்திரத்துக்கு அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் நூறு பேர் பகிர்ந்தாலும் அந்த இணைப்பைத் தேடுபொறி பார்க்காது, ஏனென்றால் அந்த உரையாடல்களுக்குள் அது நுழைய முடியாது. தொடர்புள்ள இன்னொரு தளம் நம்பிக்கையோடு தரும் ஒற்றை இணைப்பு, இந்த வகையில் அதைவிட மதிப்புள்ளது.

அடுத்தது தலைப்பு. நிலப் பத்திரங்கள் பற்றி ஒருவர் தளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'மண்ணும் மனிதரும்' என்று தலைப்பு வைத்தால் கவிதையாக இருக்கும், ஆனால் அதை யார் தேடப்போகிறார்கள்? 'வில்லங்கச் சான்று பெறுவது எப்படி' என்றால் தேடுவார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு அரசுத் தளமும் பெரிய ஊடகங்களும் ஏற்கெனவே வரிசையில் நிற்கும். 'தாத்தா பெயரில் பட்டா, வாரிசுகள் நாலு பேர், ஒருவர் வெளிநாட்டில்: பெயர் மாற்ற என்ன செய்ய வேண்டும்?' என்ற கேள்விக்கு முழுப் பதிலை எழுதுங்கள். போட்டி சட்டென்று குறைந்துவிடும். மக்கள் பேச்சில் 'வில்லங்கச் சான்று' என்பதைவிட 'ஈ.சி.' அதிகம் புழங்குகிறது என்றால், கட்டுரையில் இரண்டு சொல்லும் இயல்பாக வர வேண்டும்.

புதுத் தளத்துக்குத் தமிழில் இருக்கும் உண்மையான வாய்ப்பு இதுதான். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சின்னக் கேள்விக்கும் நூறு பக்கங்கள் மோதுகின்றன. தமிழில் இன்னும் யாருமே ஒழுங்காகப் பதில் எழுதாத கேள்விகள் ஏராளம். தேடுபவரின் மொழியில் பொருத்தமான பக்கம் இல்லாதபோது, வேறு மொழிப் பக்கத்தின் தலைப்பையும் சுருக்கத்தையும் மொழிபெயர்த்துக் காட்டும் வசதி கூகுளிடம் உண்டு. யாரும் தமிழில் எழுதாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. ஏதோ ஒரு ஊரின் சட்டத்தைப் பற்றிய மொழிபெயர்ப்பு வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும். அதைப் படித்துவிட்டு ஒருவர் தாலுகா அலுவலகத்துக்குப் போய் நின்றால், நஷ்டம் அவருக்குத்தான்.

அந்த கேரன்ட்டி எப்படிக் கிடைக்கிறது?

எளிய தந்திரம் ஒன்று உண்டு. வேறு யாரும் பயன்படுத்தாத, யாருமே தேடாத ஒரு நீளமான சொற்றொடரைத் தேர்ந்தெடுத்து, அதில் முதலிடம் வாங்கிக் காட்டுவது. ஸ்கிரீன்ஷாட் உண்மைதான். ஆனால் வாசகர் வரமாட்டார்.

இன்னொன்று ஆபத்தானது. 1998-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரினும் முன்வைத்த பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்பை அதற்கு விழும் ஓட்டுபோலக் கணக்கில் எடுத்தது. ஓட்டுக்கு மதிப்பு என்றானதும் ஓட்டு வியாபாரமும் வந்துவிட்டது. மொத்தமாக இணைப்புகளை வாங்கி விற்பது ஒரு தொழிலாயிற்று. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' மாற்றத்தின் மூலம் கூகுள் இதன்மீது கைவைத்தது. வாங்கிய இணைப்புகள் இன்று கணக்கில் சேராமல் போகலாம், அல்லது தளமே பின்னுக்குத் தள்ளப்படலாம். பணம் வாங்கியவர் அதற்குள் அடுத்த வாடிக்கையாளரிடம் போயிருப்பார்.

'கீவேர்டு டேக் போட்டுத் தருகிறோம்' என்பதும் பட்டியலில் இருக்கும். அந்த டேகைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இப்போது புதிதாக, செயற்கை நுண்ணறிவை வைத்து மாதம் இருநூறு கட்டுரை என்கிற மாதிரியான பேக்கேஜ். தேடலில் மேலே வருவதற்காகவே பயனற்ற பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகவே சேர்த்தது.

இதனால் எஸ்.இ.ஓ. தொழிலே மோசடி என்று ஆகிவிடாது. ஆயிரக்கணக்கான பொருட்களை விற்கும் கடையின் தளத்தைச் சீரமைக்கவும், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு மாறும்போது வாசகர்களை இழக்காமல் பார்த்துக்கொள்ளவும் அனுபவம் உள்ளவர் தேவை. அப்படிப்பட்டவர் எதைச் சரிசெய்கிறார் என்று விளக்குவார். இடத்துக்கு உத்தரவாதம் தரமாட்டார். ஆளைத் தரம் பிரிக்க இந்த ஒரு சோதனையே போதும்.

கூகுளும் பதில் சொல்ல வேண்டும்

எல்லாப் பழியையும் இடைத்தரகர்மீது போட்டுவிட முடியாது. 'பக்கத்தைப் படித்தோம், இப்போதைக்குச் சேர்க்கவில்லை' என்று சர்ச் கன்சோல் ஒரு வரியில் முடித்துக்கொள்ளும். ஏன் சேர்க்கவில்லை என்று சொல்லாது. அந்த மௌனத்தில்தான் கேரன்ட்டி வியாபாரம் செழிக்கிறது. தேடல் சந்தையில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகத் தக்கவைத்துக்கொண்டது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. கிட்டத்தட்ட ஒரே வாசல்தான் என்ற நிலை இருக்கும்போது, வாசலில் நிறுத்தப்பட்டவருக்குக் காரணம் சொல்வது சலுகை அல்ல, கடமை.

போதாக்குறைக்கு, தேடியதும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் மேலேயே பதிலைக் கொட்டிவிடுகிறது. மேலே வந்த பக்கத்தையும் வாசகர் திறக்காமலே போகலாம். நல்லதை எழுதினால் போதும், எல்லாம் தானாக வந்துவிடும் என்று சொல்வது அதனால் பொய்யாகிவிடும். தேடல் ஒரு வழி மட்டுமே. மின்னஞ்சல் பட்டியல், ஒரே துறையில் எழுதுபவர்கள் ஒருவருக்கொருவர் தரும் இணைப்பு, தேடாமலே திரும்பி வரும் வாசகர் என்று வேறு வழிகளும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

ஆகவே, புதிதாகத் தொடங்குபவர் முதல் வாரத்திலேயே கதவுத் தாழைச் சரிபார்த்து, சைட்மேப்பைக் கொடுத்துவிடட்டும். அதன்பின் தினமும் தரவரிசையைத் தேடிப் பார்ப்பதை நிறுத்தட்டும். தனக்கு நன்றாகத் தெரிந்த, தமிழில் இன்னும் சரியான பதில் இல்லாத பத்துக் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பதில் எழுதட்டும். மூன்று மாதம் கழித்துச் சர்ச் கன்சோலைத் திறந்து, மக்கள் எந்தச் சொற்களைத் தட்டி உள்ளே வந்தார்கள் என்று பார்த்தால், பதினோராவது கேள்வி என்ன என்று அங்கேயே தெரியும். அந்த மின்னஞ்சல் மறுபடியும் வரும். டெலிட் செய்துவிடலாம்.