குற்றவாளி மின்தேக்கியா?

மெல்டே சோதனை செய்யாத இயற்பியல் மாணவர் நம்மில் யாருமில்லை. இசைக்கவையில் கட்டிய நூலில் அலை ஓடி, மறுமுனையில் மோதித் திரும்பி, நிலை அலையாக நிற்பதைக் கண்டோம். பதிவேட்டில் எழுதிக் கையொப்பமும் வாங்கிவிட்டோம். அதே அலை கணிப்பொறியின் சுற்றுப்பலகைக்குள்ளும் மோதித் திரும்புகிறது என்று யாரேனும் நமக்குச் சொன்னதுண்டா? 'அதெல்லாம் பொறியியல் கல்லூரிக்காரர் சமாச்சாரம்' என்று ஒதுங்கிக்கொள்வதை நான் ஏற்கவில்லை.

பலகையில் பதித்த செம்புத் தடத்தில் சைகை ஒரு நேனோ விநாடிக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர்தான் செல்லும். விநாடிக்கு 800 கோடி பிட்டுகள் அனுப்பும் இணைப்பில் ஒரு பிட்டின் நீளம் 2 சென்டிமீட்டரைக்கூட எட்டாது! அந்நிலையில் தடம் வெறும் கம்பியன்று, அலைப்பாதை. அதன் இம்பீடன்ஸ், பெரும்பாலும் 50 ஓம், வழிநெடுக மாறாதிருக்க வேண்டும். மாறினால் அலையின் ஒரு பகுதி திரும்பும்.

நேர்மின்னோட்டத்தைத் தடுக்க இத்தகைய தடத்தின் நடுவே தொடரிணைப்பாக ஒரு மின்தேக்கியை வைப்பார்கள். திரும்பும் அலைக்கு அதன்மீதே பழி விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 1 கிகாஹெர்ட்சில் காட்டும் மறுப்பு 0.0016 ஓம். இதுவும் ஒரு தடையா? குற்றம் அதன் உடலில் இருக்கிறது. தடத்தின் அகலம் 0.15 மி.மீ. என்றால், 0402 என்ற அளவுள்ள மின்தேக்கியின் அகலம் அரை மி.மீ. அதற்கு ஈயம் வைக்கும் செம்புத் திட்டும் அவ்வளவு அகலம். அத்திட்டும் அடியிலுள்ள கிரவுண்டு தகடும் சேர்ந்து, யாரும் கேட்காத இன்னொரு மின்தேக்கியாகிவிடுகின்றன! அவ்விடத்தில் 50 ஓம் 35 ஆகக் குறைந்தால், வித்தியாசம் 15-ஐக் கூட்டுத்தொகை 85-ஆல் வகுக்க, அலையின் உயரத்தில் சுமார் 18 விழுக்காடு திரும்பும். திட்டு குறுகியதாகையால் நடைமுறையில் இதனினும் குறையும். வேகம் கூடக்கூட அந்தச் சலுகை போய்விடும்.

பரிகாரம் வேடிக்கையானது. திட்டுக்கு நேர் கீழே தகட்டில் ஒரு சன்னல் வெட்டிவிடுகிறார்கள். அல்லது 0201 என்னும் இன்னும் சிறிய மின்தேக்கியைப் போடுகிறார்கள். சன்னல் பெரிதானால் இம்பீடன்ஸ் 50-ஐத் தாண்டிவிடும். ஆகவே அளவை அலைக் கணக்கால்தான் முடிவு செய்ய வேண்டும்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் தோன்றியது. அங்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் நம் அண்ணன்மாரும் அக்காமாரும் பலகைகளில் உறுப்புகளைப் பொருத்தப் போகிறார்கள். கௌரவமான வேலைதான். ஆனால் அந்தச் சன்னல் எங்கே, எவ்வளவு என்று தீர்மானிக்கும் நாற்காலிக்கு அலை தெரிந்தவர் வேண்டும். பி.எஸ்சி. படிக்கும் நாம் ஏன் அதற்கு ஆகாதவர்கள்?

துறைத்தலைவர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். 20 மீட்டர் டி.வி. கேபிள், ஒரு லாஜிக் ஐ.சி., ஆய்வகத்து அலைகாட்டி, இவை போதும். கேபிளின் மறுமுனையைத் திறந்துவிட்டால் 160 முதல் 200 நேனோ விநாடிக்குள் அலை திரும்பி வருவதைத் திரையில் காணலாம். அங்கே 75 ஓம் மின்தடையை இணைத்தால் மறைந்துவிடும். பிறகு கேபிளை நடுவில் வெட்டி 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைத் தொடராக வைப்போம், மாற்றம் தெரியாது. அதே இடத்தில் உள்கம்பிக்கும் உறைக்கும் இடையே 1 நேனோஃபாரட் வைத்தால் திரையில் பள்ளம் விழும். செலவு, ஒரு வகுப்புச் சுற்றுலாவின் தேநீர்க் கணக்குக்குள் அடங்கும்.