விலை போகாத வீடு

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், அம்பத்தூர் வீட்டை விற்றுத் தரும்படி நம் நண்பர் ஒருவர் தரகரிடம் ஆறு மாதத் தவணை கொடுத்திருந்தார். தவணை முடிந்தது, வீடு போகவில்லை. "ராசியில்லாத வீடு" என்று அக்கம்பக்கத்தார் தீர்ப்பும் கூறிவிட்டனர்.

வீட்டுக்கு ராசி உண்டோ இல்லையோ, விலைக்கு உண்டு என்பது நமது அபிப்பிராயம். 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாக நூற்றுக்கு 9 வீதம். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 5,40,000 ரூபாய்! வாங்குகிறவர் பேரம் பேசாமல் என்ன செய்வார்?

ஆனால் விலையைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நண்பர் தரகருக்குப் பொது அதிகாரப் பத்திரமும் எழுதிக் கொடுத்திருந்தார். வாய்ப்பேச்சுத் தவணை தீர்ந்ததென்று, கெடு எழுதாத பத்திரம் தானாகச் செத்துவிடுவதில்லை. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, ரத்துச் செய்த சங்கதி தரகருக்குத் தெரிந்தால்தான் அவரைக் கட்டுப்படுத்தும். பிறருக்குத் தெரிந்தால்தான் பிறரைக் கட்டுப்படுத்தும். ஆகவே ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்து, தரகருக்கு எழுத்து மூலம் அறிவித்து, அசல் பத்திரங்களைத் திரும்பப் பெற்று, வில்லங்கச் சான்றிதழையும் பார்த்துவிட வேண்டும்.

நண்பர் போன வாரம் அவ்வாறே செய்தார். விலையையும் சற்று இறக்கினார். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. வீடு விற்கவில்லைதான்; ஆனால் இராத்திரி தூக்கம் வருகிறதாம்.