பெல்ட் போட்ட கதை

வாசலில் கார் 'கீச்' என்றது. பானெட்டைத் தூக்கினால் பெல்ட் நெடுக வெடிப்பு. மறுநாள் அம்மாவுக்கு வேலூரில் கண் ஆபரேஷன்! நம்ம வண்டியில் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏ.சி. மூன்றையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ட்தான். வழியில் அறுந்தால் பாட்டரி சார்ஜ் ஏறாது; இன்ஜின் கொதித்துவிடும்.

சோளிங்கர் பெரிய மலையின் 1305 படி ஏறினவனுக்கு இதற்குப் போய் மெக்கானிக்கா? புது பெல்ட் வாங்கி வந்தேன். இன்ஜின் ஆறினதும் பாட்டரி ஒயரைக் கழற்றி, டென்ஷனரை ஸ்பானரால் தள்ளினேன். பழசு கையோடு வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது... எதுக்கு மேலே, எதுக்குக் கீழே போச்சு? பி.காமில் இதெல்லாம் சொல்லித்தரலையே!

"நீங்க கழட்டறதுக்கு முன்னாடியே படம் வரைஞ்சுட்டேன்" என்று கரண்ட் பில்லின் பின்பக்கத்தை நீட்டினாள் மனைவி. அதன்படி மாட்டி, ஜம்பமாய் நிமிர்ந்தேன்.

அம்மா வந்து விரலால் தடவினாள். "டேய், ஓரத்துல ஒரு வரி பள்ளத்துல உட்காராம வெளியே நிக்குதே!"

நிஜம்தான். அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் புது பெல்ட்டும் பிய்ந்திருக்கும்.

திரும்ப மாட்டினேன். காலையில் கீச் இல்லை. வேலூர் போகிற வழியெல்லாம் ஒரே சந்தேகம்... ஆபரேஷன் அம்மா கண்ணுக்கா, என் கண்ணுக்கா?